ஓடுவது ஒருவர், களைப்பது வீடு

ரீச்சரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி–பதில்

போன இதழில் ஒரு பிள்ளை நீண்டதூர ட்ரையத்லன் என்றால் என்ன என்று கேட்டிருந்தா. 3.8 கிலோமீற்றர் கடல் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம், மூன்றும் ஒரே நாளில், இடையில் சப்பாத்து மாற்ற மட்டும் நேரம் என்று நாலு வரி எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே விட்டிருக்கிறார் ஆசிரியர். என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, ஊர் திருகோணமலை. 2018இல் கொழும்பில் நடந்த பாதித்தூர அயன்மேனும் (அயன்மேன் என்பது இந்த நீண்டதூர ட்ரையத்லனுக்கு வழங்கும் பெயர்), பிறகு மலேசியா லங்காவியில் முழுத்தூரமும் முடித்தவள். டொக்டர் இல்லை. மருந்து கேட்டு எழுத வேண்டாம்.

கேள்வி: 3.8, 180, 42.2. ஏன் இப்படி ஒழுங்கில்லாத எண்கள்? 4, 180, 40 என்று வைத்திருக்கலாமே? (உயர்தர மாணவன், மட்டிக்களி)

பதில்: மைலில் போட்டுப் பார் தம்பி: 2.4, 112, 26.2. அதுவும் ஒழுங்கில்லைதான். காரணம், யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த தூரம் இல்லை இது. ஹவாயின் ஓஹாகு தீவில் ஏற்கெனவே மூன்று தனித்தனிப் போட்டிகள் இருந்தன. ஒன்று வைக்கீக்கி கடல் நீச்சல், மற்றது தீவைச் சுற்றிவரும் சைக்கிள் ஓட்டம், மூன்றாவது ஹொனலூலு மரதன். நீச்சல்காரனா, சைக்கிள்காரனா, ஓட்டக்காரனா உடல் வலுவில் பெரியவன் என்று விருந்தில் வாய்த்தர்க்கம் நடக்க, ஜோன் கொலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி மூன்றையும் ஒரே நாளில் செய்து பார்ப்போம் என்றார். அவருடைய மனைவி ஜூடியும் சேர்ந்து போட்ட திட்டம் அது. சைக்கிள் பாதை 115 மைல். நீச்சல் முடியும் இடத்தில் தொடங்கி மரதன் தொடங்கும் இடத்தில் முடிவதற்காக மூன்று மைலை வெட்டினார்கள். 1978 பெப்ரவரி 18இல் 15 பேர் இறங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலாவது வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணித்தியாலம் 46 நிமிடம் 58 செக்கன். இரண்டாவது வந்தவருக்கு ஓட்டத்தில் தண்ணீர் தீர்ந்துபோக, அவருடைய ஆட்கள் பியர் கொடுத்தார்களாம். அதைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: நான் ஹோட்டலில் உயிர்காப்பாளர். நல்லா நீந்துவேன், சைக்கிள் ஓடுவேன், பாடசாலைக் காலத்தில் 5000 மீற்றர் ஓடினவன். தனித்தனியாக எல்லாம் முடியும் என்றால் சேர்த்துச் செய்வதில் என்ன பெரிய விஷயம்? (நிலாவெளி)

பதில்: எங்கள் ஊரில் வைத்தே கணக்குப் பார்ப்போம். உப்புவெளிக் கரையோரமாக 3.8 கிலோமீற்றர் நீந்துகிறீர்கள். ஈர உடுப்போடு சைக்கிளில் ஏறி, கந்தளாய் தாண்டி, ஹபரணைச் சந்தி வரை போய்த் திரும்புகிறீர்கள். சைக்கிளைச் சாத்திவிட்டு மறுபடியும் கந்தளாய் வரை, இந்த முறை காலால். தூரம் கிட்டத்தட்ட அதுதான். பஸ்ஸில் போய் வந்தாலே இடுப்புப் பிடிக்கிற வழி.

அதற்குக் கெடு உண்டு. முழுத்தூரப் போட்டிகளில் பொதுவாக மொத்தம் 17 மணித்தியாலம். நீச்சலை 2 மணித்தியாலம் 20 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், சைக்கிளைத் தொடக்கத்திலிருந்து பத்தரை மணித்தியாலத்துக்குள் கொண்டுவந்து விட வேண்டும். 17 மணித்தியாலம் என்றதும் தாராளம் போலத் தெரியும். நீச்சலுக்கு இரண்டு மணித்தியாலம், உடுப்பு மாற்றக் கால் மணித்தியாலம், சைக்கிளுக்கு ஏழே முக்கால் என்று வையுங்கள். அந்த ஏழே முக்காலுக்கே மணிக்கு 23 கிலோமீற்றருக்குக் குறையாமல் மிதிக்க வேண்டும், மூத்திரம் பெய்ய நிற்பதையும் சேர்த்து. அதோடு பத்து மணித்தியாலம் போய்விட்டது. சப்பாத்து மாற்றப் பத்து நிமிடம். மரதனுக்கு ஆறே முக்கால் மணித்தியாலம் எடுத்தால் கையில் ஐந்து நிமிடம் மிச்சம். ஆறே முக்கால் என்பது ஒரு கிலோமீற்றருக்கு ஒன்பதரை நிமிடம் சொச்சம். வெறும் நடையில் அந்த வேகம் வராது. இருட்டில், பத்து மணித்தியாலத்துக்குப் பிறகும், கொஞ்சமாவது ஓட வேண்டும்.

உங்களைப் போல மூன்றிலும் நல்லவர்கள்தான் முதலில் விழுகிறார்கள். நீச்சலில் வேகம் காட்டுவார்கள், சைக்கிளில் இளம் பெடியனை முந்துவார்கள், ஓட்டத்தில் 15ஆம் கிலோமீற்றரில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நீச்சலில் காலை அடிக்காதீர்கள், கையால் போங்கள். கால் பிறகு தேவை. சைக்கிளில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வசனம் பேசக்கூடிய மூச்சில் இருங்கள். சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று கிலோமீற்றர் அந்தக் கால்கள் உங்களுடையவை அல்ல, வேறு யாருடையதையோ பூட்டி விட்டதுபோல இருக்கும். அதற்கு ஒரே மருந்து பழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமை குச்சவெளி போய்த் திரும்பியதும், கதிரையில் உட்காராமல், தேத்தண்ணி கேட்காமல், சப்பாத்தை மாற்றி இருபது நிமிடம் ஓடுங்கள். இரண்டு மாதத்தில் கால் திரும்பி வரும் நேரம் குறைந்திருக்கும்.

ஹபரணைப் பாதையை உதாரணத்துக்குத்தான் சொன்னேன். விடியப்புறத்தில் அங்கே யானை நிற்கும். பயிற்சிக்குப் புல்மோட்டைப் பாதை போதும்.

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, அரச அலுவலகத்தில் வேலை. அடுத்த லங்காவிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டார், கொடுத்த பிறகுதான் எனக்குச் சொன்னார். ஞாயிறு விடிய நாலு மணிக்குப் போனால் பத்தரைக்கு வருவார், சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணிக்கு எழும்புவார். மகனுக்கு ஏழு வயது, மாமியும் எங்களோடு. ஏதாவது சொன்னால் "என்ர உடம்பு நல்லாயிருக்கிறது உமக்குப் பிடிக்கேல்லையா" என்கிறார். நிறுத்தச் சொல்லலாமா? (பெயர் வேண்டாம், உவர்மலை)

பதில்: இந்த முறை வந்ததில் முக்கியமான கடிதம் உங்களுடையது தங்கச்சி. ட்ரையத்லனுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதிய ஆண்கள் எல்லோரும் சைக்கிள், சப்பாத்து, புரதம் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன தேவை என்று தெரிந்து எழுதியவர் நீங்கள் மட்டும்தான்.

முதலில் அந்த உடம்புக் கதை. ஒரு வளர்ந்த மனிதனின் ஆரோக்கியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. கூடப் பார்த்தாலும் ஐந்து மணித்தியாலம். முழுத்தூரப் போட்டிக்குப் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் கிழமைக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து மணித்தியாலம் போகும். ஐந்துக்கு மேலே இருப்பதற்கு ஆரோக்கியம் என்று பெயர் வைக்கக்கூடாது. அது ஆசை. ஆசைப்படுவது குற்றமில்லை, நானும் பட்டேன். ஆனால் ஆசையை ஆசை என்று சொல்லித்தான் வீட்டில் கேட்க வேண்டும். ஆரோக்கியம் என்று சொன்னால் மறுப்பவர் கெட்டவராகிவிடுகிறார், ஆசை என்று சொன்னால் இருவரும் உட்கார்ந்து பேசலாம்.

அந்தப் பதினைந்தும் உண்மையில் பதினைந்து இல்லை. ரியூப் மாற்றுவது, சங்கிலிக்கு எண்ணெய் போடுவது, ஒரு நாளைக்கு மூன்று சோடி வேர்வை உடுப்புத் தோய்ப்பது, கூடுதலாகச் சமைப்பது, கூடுதலாகத் தூங்குவது. இந்தப் பயிற்சியில் இருப்பவனுக்கு எட்டு மணித்தியாலத் தூக்கம் கட்டாயம், அதில்தான் தசை திருத்தப்படுகிறது. எல்லாம் சேர்த்தால் இருபதைத் தாண்டும். அந்த இருபது வானத்திலிருந்து விழவில்லை. உங்களிடமிருந்தும் மகனிடமிருந்தும் மாமியிடமிருந்தும் எடுத்தது.

நிறுத்தச் சொல்ல வேண்டாம், கணக்குக் கேளுங்கள். ஒரு கொப்பியை எடுத்து அவரையே எழுதச் சொல்லுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். ஞாயிறு நீண்ட சைக்கிள் என்றால் சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள், அன்று வீடு அவர் பொறுப்பு, நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்கக்கூடாது. ஞாயிறு வந்து படுப்பது நாற்பது நிமிடம், அதற்கு மேல் படுத்தால் இரவுத் தூக்கமும் கெடும். மகனை ரியூசனால் கூட்டிவருவது அவருடைய ஓட்டப் பயிற்சியாகட்டும், போகும்போது ஓடட்டும், வரும்போது மகனோடு நடக்கட்டும். இன்னொன்று: ஒழுங்கான எந்தப் பயிற்சித் திட்டத்திலும் மூன்று கிழமை ஏற்றி நாலாவது கிழமை குறைப்பார்கள், உடம்பு அதைக் கேட்கும். குறைத்த கிழமையில் மிஞ்சும் நேரம் சைக்கிள் கடைக்குப் போகாமல் உங்களுக்கு வர வேண்டும்.

காசும் அதே கொப்பியில். நுழைவுக்கட்டணம் அமெரிக்க டொலரில் பல நூறு. அதற்கு மேல் விமானம், சைக்கிளைப் பெட்டியில் அனுப்பும் கூலி, ரயர், தங்குமிடம். ஒளித்து வாங்கிய சில்லு ஒன்று வீட்டில் செய்யும் வேலையை நான் பார்த்திருக்கிறேன், யார் வீட்டில் என்று சொல்லமாட்டேன்.

அடுத்தது பயமுறுத்துவதற்காகச் சொல்வதில்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லன்களில் நடந்த இறப்புகளையும் இதயநிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வில் 135 சம்பவங்கள் இருந்தன, அவற்றில் 90 நீச்சலில். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூட. போட்டியிட்டவர்களின் தொகையோடு பார்த்தால் மிகச் சிறிய எண்தான். ஆனால் 43 வயதுக்காரர் இசிஜி எடுக்காமல், பிரஷர் பார்க்காமல், தகப்பனுக்கு மாரடைப்பு வந்ததா என்று டொக்டரிடம் சொல்லாமல் கடலில் இறங்கக்கூடாது. இதை மட்டும் நீங்கள் அடம்பிடித்துச் செய்விக்கலாம், எனக்குக் கடிதம் எழுதிக் கேட்கத் தேவையில்லை.

இரண்டு மாதம் கொப்பிப்படி நடக்கிறாரா என்று பாருங்கள். நடக்காவிட்டால் முழுத்தூரத்தை விட்டுப் பாதித்தூரத்துக்கு மாறச் சொல்லுங்கள். 1.9 நீச்சல், 90 சைக்கிள், 21.1 ஓட்டம், எட்டரை மணித்தியாலக் கெடு, பயிற்சியும் கிழமைக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலத்தில் அடங்கும். அதுவும் ஆண்பிள்ளை செய்கிற காரியம்தான். என் வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். நான் லங்காவிக்கு ஆயத்தமான வருடம் வீட்டுக்காரர் சமைக்கப் பழகினார். சோறு, பருப்பு, சம்பல் எல்லாம் வந்துவிட்டது. புட்டு இன்றைக்கும் கட்டிதான்.

கேள்வி: இவ்வளவு காசு செலவழித்து, இவ்வளவு கஷ்டப்பட்டு, யாருக்கு என்ன லாபம்? (வாசகர், திருகோணமலை நகர்)

பதில்: ஒரு பதக்கம், ஒரு ரீசேர்ட், ஒரு துவாய். துவாய் நல்ல துவாய்.

கேள்வி: ரீச்சர், நான் கிண்ணியா. ஆசிரிய பயிற்சிக் கலாசாலையில் படிக்கிறேன். உடலை மூடிய உடுப்போடும் முக்காட்டோடும் போட்டியில் சேர விடுவார்களா? வாப்பா, "முதலில் கடலில் நீந்த இடம் பார்" என்கிறார். எப்போது, எங்கே நீந்துவது?

பதில்: விடுவார்கள் மகள். ஈரானைச் சேர்ந்த ஷிரின் ஜெராமி 2013இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியில் தலையையும் உடலையும் மூடிய உடுப்போடு தன் நாட்டுக்காக இறங்கினார். 2016இல் ஹவாயின் கோனாவில் அயன்மேன் உலகப் போட்டியிலும் இறங்கினார். ஆனால் நீச்சல் உடுப்பு எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது, மிதப்புத் தரும் துணிக்குத் தடையும் இருக்கிறது. அதனால் போட்டிக்கு முன்பே ஏற்பாட்டாளர்களுக்கு உடுப்பின் படத்தோடு எழுதி, அனுமதியை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்திருங்கள். அன்று காலையில் கரையில் நின்று வாதாடக்கூடாது. மூடிய துணி தண்ணீரைப் பிடிக்கும், வேகம் குறையும். பயிற்சியிலும் அதே உடுப்போடுதான் நீந்த வேண்டும். கழுத்து, அக்குள், துணி உரசும் எல்லா இடத்துக்கும் வசலின் தாராளமாக. உப்புத் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் உரசினால் தோல் உரிந்துவிடும், பிறகு பத்து மணித்தியாலம் அதன்மேல் வேர்வை.

வெளிநாட்டுக்காரர் போடும் ரப்பர் உடுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தண்ணீர் 24.5 பாகை செல்சியஸைத் தாண்டினால் வயதுப் பிரிவுப் போட்டியாளருக்கு அது பொதுவாகத் தடை. எங்கள் கடல் அதைவிடச் சூடு, லங்காவியும் அப்படித்தான். குளிர் நாட்டுக்காரர் அந்த உடுப்பு மிதக்க வைப்பதில் பழகிவிட்டு வந்து தடுமாறுவார்கள். உங்களுக்கு இழக்க ஒன்றுமில்லை.

இடம், காலம் பற்றி வாப்பா சொல்வது சரி. ஐப்பசி பிறந்து வாடை தொடங்கினால் தை மாசி வரை கடலை மறந்துவிடுங்கள், அந்தக் காலம் நீச்சல் தடாகம் கிடைத்தால் தடாகம், இல்லாவிட்டால் சைக்கிளும் ஓட்டமும். சித்திரை முதல் புரட்டாதி வரை கிழக்குக் கடல் நல்ல பிள்ளை. ஆனால் கச்சான் காலத்தில் ஒரு சூது இருக்கிறது. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. அலையைப் படுக்க வைத்துவிடும், பார்த்தால் குளம் மாதிரி இருக்கும், களைத்துப்போய் மிதந்தால் மெல்ல வெளியே கொண்டுபோய்விடும். ஆகவே விடிந்ததும் இறங்கி, காற்று எழும்ப முன் கரையேற வேண்டும். கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள், நேரே வெளியே போக வேண்டாம். துறைமுகத்துக்கு உள்ளே வேண்டவே வேண்டாம், அது கப்பலும் கடற்படையும் போகும் இடம். கரைவலை இழுக்கிற நேரத்தையும் இடத்தையும் மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் பக்கத்து வீட்டு மீனவத் தம்பி வள்ளத்தில் கூட வந்தார், மண்ணெண்ணெய்ச் செலவு என்னுடையது. தோழிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் அந்தச் செலவு பிரியும், வாப்பாவுக்கும் நிம்மதி. பளிச்சென்ற நிறத் தொப்பி, இடுப்பில் கட்டி இழுக்கும் மிதவை இரண்டும் இல்லாமல் இறங்கக்கூடாது. வெளியிணைப்பு இயந்திரப் படகுக்காரருக்குக் கருந்தலை தெரியாது. தடாகத்தில் அடியில் கோடு இருக்கும், கடலில் இல்லை. எட்டுப் பத்துக் கைவீச்சுக்கு ஒருமுறை கண்ணை மட்டும் மேலே தூக்கி ஒரு குறியைப் பார்க்கப் பழகுங்கள். நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே 3.8ஐ 4.5 ஆக்கியவர்கள் நிறையப் பேர்.

சொறி (ஜெலிமீன்) பட்டால் கத்திக்கொண்டு கரைக்கு ஓட வேண்டாம், அது போட்டியிலும் படும். மூச்சு முட்டினால், உதடு வீங்கினால் மட்டும் உடனே கையைத் தூக்குங்கள். கயாக் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவது போட்டியில் குற்றமில்லை, அது உங்களை முன்னே இழுத்துச் செல்லாதவரை.

கேள்வி: ஜெல் பக்கற் ஒன்றின் விலைக்கு இங்கே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கலாம். எங்கள் சாப்பாட்டில் சமாளிக்க முடியாதா? எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? (பாலையூற்று)

பதில்: முடியும், ஆனால் கணக்கோடு. ஈரலிலும் தசையிலும் சேமித்த மாச்சத்து ஏறத்தாழ 2000 கலோரி. அன்று முழுவதும் எரிவது எட்டாயிரம், பத்தாயிரம். கொழுப்பு கொஞ்சம் ஈடுகொடுக்கும், மிச்சத்தை வழியில் வாயால் போட வேண்டும். மணித்தியாலத்துக்கு 60 கிராம் மாச்சத்து, பழகிய வயிறானால் 90 வரை. குளுக்கோஸைக் குடல் உறிஞ்சும் வழி மணித்தியாலத்துக்கு 60 கிராமோடு நிரம்பிவிடும், புரக்டோஸுக்கு வேறு வழி இருக்கிறது. எங்கள் வீட்டுச் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி புரக்டோஸ். ஜெல் பக்கற்றின் முக்கால்வாசிப் பெருமை அதுதான். ஒரு சைக்கிள் போத்தலில் 60 கிராம் சீனி, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேசிக்காய். மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் என்று முதல் ஐந்து மணித்தியாலத்துக்கு இது போதும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு மாச்சத்து இருக்கிறது. பேரீச்சம்பழம் கொட்டை எடுத்தது, தோல் உரித்து உப்பில் பிரட்டிய சின்ன உருளைக்கிழங்கு, இவையும் நல்லவை. வடை, ரோல்ஸ், கொத்து வேண்டாம், எண்ணெய் வயிற்றிலேயே குடியிருக்கும். போட்டிக்கு முதல் நாள் இரவு கீரை, கடலை, உறைப்பு வேண்டாம். வெள்ளைச் சோறு, பருப்பு, மீன் ஒரு துண்டு. காலையில் மூன்று மணித்தியாலத்துக்கு முன் பாணும் ஜாமும், அல்லது சீனி தூவிய இடியப்பம்.

ஒன்றை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். சைக்கிளில் 120, 130 கிலோமீற்றர் தாண்டியதும் இனிப்பு என்றாலே குமட்டும். வெயிலில் இரத்தம் தோலுக்குப் போய்விடுவதால் வயிறு வேலைநிறுத்தம் செய்யும். லங்காவியில் அந்த நேரம் என்னைக் காப்பாற்றியது வீட்டில் பிடித்த பழப்புளி உருண்டை: புளி, உப்பு, பனங்கட்டி கொஞ்சம். பக்கத்தில் ஓடிய ஜப்பான்காரி வாசனையைப் பார்த்து முகம் சுளித்தா, பிறகு கேட்டு வாங்கினா. உங்களுக்கு எது ஒத்துவரும் என்று போட்டியன்று கண்டுபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் காலைப் பழக்குவது போல வயிற்றையும் பழக்குங்கள்.

தண்ணீர்: ஒரு மணித்தியாலம் ஓட முன்னும் பின்னும் உடுப்பில்லாமல் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லீற்றர் வேர்வை. அதற்கு மேல் குடிக்க வேண்டாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறையும், அது தாகத்தைவிட ஆபத்து. 2002 பொஸ்டன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானவர்களுக்குச் சோடியம் குறைந்திருந்தது. மோதிரம் இறுகுவது, தலையிடி, சத்தி, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் இன்னும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப் போங்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத் தூள்) நல்லது, உப்புக்கு. சக்திக்கு அதை நம்ப வேண்டாம். அந்த வகைக் கரைசல் ஒரு லீற்றரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது கியர் இல்லாத லுமாலா சைக்கிள். அதில் செய்யலாமா? (தம்பலகாமம்)

பதில்: பிரேக் இரண்டும் வேலை செய்து, ஹான்டில் முனைகள் அடைத்து, மோட்டர் இல்லாமல் இருந்தால் விதி தடுக்காது. உங்கள் முழங்கால் தடுக்கும். பயிற்சிக்கு இப்போதைக்கு அதுவே போதும், தம்பலகாமம் வயல் பாதை உங்களுக்குச் சும்மா கிடைத்த மைதானம். போட்டிக்கு ஒரு பழைய கியர் சைக்கிள் இரவல் வாங்குங்கள். புதுச் சைக்கிளுக்குக் கடன் எடுக்காதீர்கள்.

கேள்வி: லொறிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் மணிக்கு 45இல் போகிறேன். பயிற்சிக்கு நல்லது தானே? (சீனக்குடா)

பதில்: போட்டியில் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் 12 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும், கிட்டப் போனால் ஐந்து நிமிடம் தண்டனைக் கூடாரத்தில் நிற்க வேண்டும். சமதரையில் சைக்கிள்காரனின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைப் பிளக்கத்தான் போகிறது. அந்த உழைப்பை லொறியிடம் கொடுத்துவிட்டு எதைப் பயிற்சி செய்கிறீர்கள்? கச்சானுக்கு எதிரே கந்தளாய்ப் பக்கம் தனியாக மிதியுங்கள். லொறி திடீரென்று பிரேக் அடித்தால் என்ன நடக்கும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், வயது 62. நடப்பேன், நீச்சல் தெரியாது. என் வயதில் இதை நினைப்பதே விசரா? (உப்புவெளி)

பதில்: ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா ஓய்வுபெற்ற பிறகுதான் நீச்சல் பழகினார், எழுபதில் முதல் ட்ரையத்லன், 2018இல் 85 வயதில் கோனாவில் முழுத்தூரத்தைக் கெடுவுக்குள் முடித்தார். அமெரிக்கக் கன்னியாஸ்திரி மடோனா பூடர் 2012இல் 82 வயதில் முடித்தார். ஆகவே விசர் இல்லை ஐயா. ஆனால் அவர்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் படிப்படியாக வந்தவர்கள். உங்களுக்கு இந்த வருடம் ஒரே வேலை: கழுத்தளவு தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சை வெளியே விடப் பழகுவது. இருதயத்தையும் சீனி வருத்தத்தையும் சோதித்துவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம் என்ற குறுந்தூரம். அதை முடித்துவிட்டு எழுதுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

கேள்வி: மகனுக்கு 15 வயது, அயன்மேன் செய்யப் போகிறேன் என்று படிப்பை விட்டுவிட்டு ஓடுகிறான். (தாய், ஆண்டாங்குளம்)

பதில்: 18 வயது ஆகாமல் முழுத்தூரத்துக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள், விதி அது. வளரும் எலும்புக்கு அந்தத் தூரம் கூடாது. நீச்சலும் 1500 மீற்றரும் ஓடட்டும், வேகம் இந்த வயதில்தான் வரும். சாதாரண தரம் எழுதாமல் ஓடுகிறவனுக்கு நுழைவுக்கட்டணம் யார் கட்டுவார் என்றும் கேளுங்கள்.

கேள்வி: விடியப்புறம் சாம்பல்தீவுப் பக்கம் சைக்கிளில் போனால் நாய்கள் கூட்டமாகத் துரத்துகின்றன. வேகமாக மிதிப்பதா, நிற்பதா? (அலெஸ்தோட்டம்)

பதில்: மிதித்தால் துரத்தும், அது அதன் குணம். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்து, உரத்துக் கத்திவிட்டு மெல்ல நடவுங்கள். போத்தல் தண்ணீரை மூஞ்சியில் பீச்சினால் பெரும்பாலும் விட்டுவிடும், சீனித் தண்ணீர் இல்லாத போத்தலாகப் பாருங்கள். முன் விளக்கு, பின் விளக்கு இரண்டும் எரிய வேண்டும். அந்தப் பாதையில் நாயைவிட நடுவில் படுத்திருக்கும் மாடு ஆபத்து, அது எழும்பாது. கடித்துவிட்டால் காயத்தை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் விசர்நாய்க்கடி ஊசியைக் கேளுங்கள். மிச்சக் கிலோமீற்றரை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். சைக்கிள் ஓட்டோவில் வீட்டுக்கு வரட்டும்.